எதனோடு ஒப்பிடுகிறோம்? பி.டி. பயிர்களும் நன்மை செய்யும் பூச்சிகளும்

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டிய கொரகுண்டேபாளையா சந்திப்பிலிருந்து வெளிவட்டச் சாலையில் கிழக்கே போனால் ஹெப்பாளம் வரும். லேத் பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்தத் தொழிற்பேட்டைக்கு இவ்வளவு பக்கத்தில், இந்தியப் பூச்சியியலின் முக்கியமான ஆய்வகங்களுள் ஒன்று அங்கே இருப்பது பெங்களூருவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கே தெரியாது. 1957இல் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையம் இந்நகரில் தொடங்கப்பட்டது. அந்த மரபின் தொடர்ச்சியாக 1993இல் உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் உருவானது. 2014 முதல் அது தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படுகிறது. பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்னும் பூச்சிகளைக் கண்டுபிடிப்பதும் வளர்ப்பதும் பரப்புவதும் இதன் வேலை. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தலைகாட்டி, பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் வெளுக்க வைத்த பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதை அடக்க 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற கடுகளவுகூட இல்லாத குளவியைத் தருவித்துப் பெருக்கி அனுப்பியது இந்தப் பெங்களூரு நிறுவனந்தான்.

அதே 2010இல், பிப்ரவரி 6 அன்று, இதே நகரில் வேறொரு கூட்டம் நடந்தது. பி.டி. கத்தரிக்கு அனுமதி தரலாமா என்பது பற்றி அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் நடத்திய பொதுக் கலந்தாய்வுகளில் கடைசி அது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 9 அன்று, பி.டி. கத்தரிக்கு அவர் இடைக்காலத் தடை அறிவித்தார். 2009 அக்டோபர் 14 அன்று மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு கொடுத்திருந்த ஒப்புதல் அதோடு நின்றுபோனது. உடல்நலம், விதை உரிமை, நாட்டு ரகங்கள் எனப் பல வாதங்கள் அந்த விவாதத்தில் மோதின. அவற்றில் ஒன்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது: பூச்சியை எதிர்க்கும்படி மரபணு மாற்றப்பட்ட பயிர், பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, ஒட்டுண்ணிக் குளவி, தேனீ போன்ற நன்மை செய்யும் பூச்சிகளுக்குக் கேடு விளைவிக்கிறதா?

இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் உலவுகின்றன. செடியே நஞ்சானால் அதை நாடும் எல்லா உயிரும் சாகும் என்பது ஒன்று. மருந்தடிப்பு குறைந்ததால் நன்மை செய்யும் பூச்சிகள் பெருகிவிட்டன என்பது மற்றது. இரண்டுக்கும் ஆதாரம் காட்ட முடிகிறது. ஆனால் இரு தரப்பும் வெவ்வேறு ஒப்பீடுகளை வைத்துக்கொண்டு ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொள்கின்றன என்பதே என் வாதம்.

நஞ்சும் அது போய்ச் சேரும் வழியும்

பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் (சுருக்கமாகப் பி.டி.) என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டதே ஒரு நன்மை செய்யும் பூச்சியின் சாவிலிருந்துதான். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரென விழுந்து சாகும் நோயை ஆராய்ந்த இஷிவாட்டா ஷிகெட்டானே அதைப் பிரித்தெடுத்தார். பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து அதையே மறுபடி கண்டெடுத்த பெர்லினர் இன்றைய பெயரைச் சூட்டினார். பட்டு உற்பத்தியில் இந்தியாவில் முதலிடம் வகிக்கும் கர்நாடகத்தில் இந்த வரலாற்றை மறந்துவிட்டு மதிப்பீடு செய்ய முடியாது. பட்டுப்புழுவுக்குப் பின்னர் வருகிறேன்.

இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் கிரை புரதங்கள் தொட்ட மாத்திரத்தில் கொல்பவை அல்ல. புழு அதைத் தின்ன வேண்டும். அதன் குடலில் காரத்தன்மை இருக்க வேண்டும். செரிமான நொதிகள் புரதத்தை வெட்டிச் செயலூக்க வேண்டும். பிறகு குடற்சுவரில் அதற்குரிய ஏற்பிகளில் ஒட்டித் துளை போட வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் நஞ்சு வேலை செய்யாது. பருத்தியிலும் கத்தரியிலும் சேர்க்கப்பட்ட கிரை 1ஏசி, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனத்தின் புழுக்களைத் தாக்கும். தேனீக்கோ பொறிவண்டுக்கோ அதற்குரிய ஏற்பிகள் இருப்பதாகத் தெரியவில்லை. தேனீயைப் பற்றி நடந்த 25 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான பகுப்பாய்வு, புழுப் பருவத்திலும் வளர்ந்த பருவத்திலும் உயிர்பிழைப்பில் குறைவு காணவில்லை.

இது நஞ்சின் தன்மை பற்றியது. அது எவ்வளவு, எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்பது தனிக் கணக்கு. பீன்யாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. முலாம் தொட்டியில் இருக்கும் குரோமியம் நஞ்சு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நிலத்தடி நீரில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்த போர்வெல்லில் ஏறுகிறது என்பதில்தான் தொல்லையே.

பி.டி. பருத்தி வயலில் இந்த வழிகள் பூச்சிக்குப் பூச்சி மாறுகின்றன. சாறு உறிஞ்சும் அசுவினியின் உடலில் கிரை புரதம் மிகக் குறைவாகவே இருக்கும்; ஆகவே அதைத் தின்னும் பொறிவண்டுக்கும் அவ்வளவுதான். இலைச் செல்களைக் குத்தி உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேனிலோ நிறைய இருக்கும். நம் விவசாயிகள் ஒட்டுண்ணி அட்டை என்று வாங்கிக் கட்டும் டிரைக்கோகிரம்மாவை எடுத்துக்கொண்டால், அரை மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. பி.டி. செடியிலும் தாய் அந்து வழக்கம்போல முட்டையிடுகிறது. சாவது பொரித்து வந்து இலையைக் கடித்த புழு. எனவே முட்டை ஒட்டுண்ணிக்கு உணவு தப்பிவிடுகிறது. புழுவைத் தாக்கும் கேம்போலெடிஸ் குளோரிடியே குளவியின் நிலை வேறு. அது வளர்ந்து முடிப்பதற்குள் அதைத் தாங்கும் காய்ப்புழு செத்துவிடுகிறது. பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளில் இக்குளவி பாதிக்கப்பட்டது இவ்வகையில்தான். நஞ்சு அதை நேராகத் தாக்கியதற்கு அதில் சான்றில்லை.

குளவி எப்படிச் செத்தால் என்ன, செத்தது செத்ததுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காய்ப்புழுவை எந்த முறையில் ஒழித்தாலும் அதை நம்பியிருக்கும் குளவி குறையும். அந்தக் குறைவைப் பி.டி. நஞ்சின் கணக்கில் எழுதினால், நஞ்சு செய்த வேலையையும் இரை இல்லாமை செய்த வேலையையும் பிரிக்க முடியாமல் போகும்.

சூரிச் ஆய்வகத்தின் இரு முடிவுகள்

இந்தப் பிரிப்பு எவ்வளவு கடினம் என்பதற்குப் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் கதையே போதும். 1998இல் சூரிச்சை அடுத்த ரெக்கன்ஹோல்ஸில் உள்ள சுவிஸ் அரசு ஆய்வு நிலையத்தில் ஆஞ்செலிகா ஹில்பெக் குழுவினர் ஒரு சோதனை செய்தனர். பி.டி. மக்காச்சோளத்தைத் தின்ற புழுக்களைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் இளம்பருவத்துக்கு இரையாகக் கொடுத்தார்கள். வளர்ந்து முடிப்பதற்குள் 62 சதவீதம் மாண்டன. சாதாரண மக்காச்சோளம் தின்ற புழுக்களை உண்டவற்றில் சாவு 37 சதவீதம். உணவுச் சங்கிலியின் மூன்றாம் படிக்கும் நஞ்சு ஏறுகிறது என்பதற்குச் சான்றாக இது உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது.

மறுப்பு வந்ததும் அதே நிலையத்திலிருந்துதான். ஆன்னா டட்டன், யோர்க் ரோமைஸ் முதலானோர் இரையை மாற்றிப் பார்த்தனர். மேலே சொன்ன செஞ்சிலந்திப் பேன் புழுவைவிட அதிகமாகக் கிரை புரதத்தைச் சுமக்கிறது. ஆனால் கிரை புரதம் பேனை ஒன்றும் செய்வதில்லை. அந்தப் பேனைத் தின்ற கண்ணாடி இறக்கைப் பூச்சிகளுக்கும் ஒன்றும் நேரவில்லை. நஞ்சு அதிகமான இரையால் கேடில்லை, நஞ்சு குறைந்த இரையால் கேடு என்றால், குற்றம் நஞ்சினுடையது என்று சொல்ல முடியாது. பி.டி. இலை தின்று நோயுற்ற புழு சத்துக்கெட்ட இரை. அதைத் தின்றவை தேறவில்லை. பின்னர் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை இன்னும் சுத்தமாகப் பிரித்தார்கள். பி.டி.க்கு எதிர்ப்புத்திறன் பெற்ற புழுக்களைப் பி.டி. செடியிலேயே வளர்த்தால், நஞ்சு வயிற்றில் இருக்கும், ஆனால் புழு நோயுறாது. அத்தகைய இரையைத் தின்ற இரைவிழுங்கிகளும் அவற்றில் வளர்ந்த ஒட்டுண்ணிகளும் நலமாகவே இருந்தன.

மொனார்க் வண்ணத்துப்பூச்சிச் சர்ச்சையும் இதே தடத்தில் போனது. 1999இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் லோசி குழுவினர் பி.டி. மக்காச்சோள மகரந்தம் தூவிய எருக்கு இனத்து இலையைப் புழுக்களுக்குக் கொடுத்தார்கள். நான்கு நாளில் 44 சதவீதம் செத்தன. 2001இல் வெளியான விரிவான கள ஆய்வுகள், வயலோரத்து இலையில் உண்மையில் படியும் மகரந்தத்தின் அளவைக் கணக்கிட்டு, ஆபத்து மிகச் சிறிது என்றன. மகரந்தத்தில் நஞ்சு மிகுந்த 176 என்ற ஒரு வகை மட்டும் விதிவிலக்கு.

விவகாரம் இத்துடன் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2009இல் லோவேய், ஆண்டோ, அர்பையா மூவரும் ஆய்வகச் சோதனைகளை மொத்தமாகத் திரட்டி, எதிர்மறை விளைவுகள் தற்செயலாக நேரக்கூடியதைவிடக் கூடுதலாகத் தென்படுகின்றன என்று எழுதினர். இரையின் தரத்தைக் கணக்கில் எடுக்காததால் அவர்களுடைய எண்ணிக்கை பிழையானது என்று ஷெல்ட்டன் முதலிய பலர் சேர்ந்து பதில் எழுதினர். இரையின் தரம் பற்றிய வாதத்தில் பின்னவர்கள் பக்கமே வலு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் முன்னவர்கள் சுட்டிய ஒன்று இன்னும் நிற்கிறது. மிகச் சில பூச்சியினங்களே திரும்பத்திரும்பச் சோதிக்கப்படுகின்றன. சிறிய எண்ணிக்கையில் நடத்திய சோதனையில் வேறுபாடு தெரியவில்லை என்பதை, வேறுபாடே இல்லை என்று படித்துவிடுகிறோம்.

வயலுக்கு வந்த பிறகு

ஆய்வகத்தை விட்டு வயலுக்கு வந்தால் ஒப்பீட்டுக் கேள்வி முன்னுக்கு வருகிறது. 2007இல் மிஷெல் மார்வியர் குழுவினர் 42 கள ஆய்வுகளைத் தொகுத்தனர். பூச்சிமருந்து தெளித்த சாதாரண வயலோடு ஒப்பிட்டால் பி.டி. வயலில் இலக்கல்லாத பூச்சிகள் அதிகம். எதுவுமே தெளிக்காத சாதாரண வயலோடு ஒப்பிட்டால் சில வகைகள் குறைவு. ஒரே தரவு, எந்த வயலைப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு திரும்புகிறது.

அரிசோனாவில் ஸ்டீவன் நரஞ்சோ பல ஆண்டுகள் பருத்தியில் செய்த கணக்கெடுப்பு அளவைக் காட்டுகிறது. தெளிப்பில்லாத சாதாரணப் பருத்தியைவிடப் பி.டி. பருத்தியில் ஐந்து வகை இயற்கை எதிரிகள் சராசரியாக 19 சதவீதம் குறைந்தன. பூச்சிமருந்து தெளித்தபோது குறைந்தவை 13 வகைகள், சராசரி 48 சதவீதம். சீனாவின் வடபகுதியில் ஆறு மாகாணங்களில் 36 இடங்களில் 1990 முதல் 2010 வரை திரட்டிய தரவு 2012இல் வெளியானது. பி.டி. பருத்தி பரவி மருந்தடிப்பு குறைந்தபின் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் சிலந்தியும் பெருகின, அசுவினி குறைந்தது, பலன் பக்கத்து வயல்களுக்கும் பரவியது. பி.டி. ஆதரவாளர்கள் இதை விரும்பி எடுத்துக்காட்டுவார்கள். அதே ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட மற்றொன்றை அவ்வளவாகச் சொல்வதில்லை: அதே வடசீனாவில், மருந்தடிப்பு குறைந்ததாலேயே மிரிட் நாவாய்ப்பூச்சிகள் பெருகிப் பருத்தியைத் தாண்டிப் பழத்தோட்டங்களையும் தாக்கின.

இந்தியப் பருத்திக்காடு

பி.டி.க்கு முந்தைய இந்தியாவில் பயிர்நிலத்தில் ஐந்து சதவீத அளவே இருந்த பருத்தி, நாட்டின் பூச்சிமருந்தில் ஏறத்தாழப் பாதியைக் குடித்தது. அந்த வயல்களில் பொறிவண்டு பிழைத்திருந்ததே வியப்பு. 2002 மார்ச்சில் மெக் 12, மெக் 162, மெக் 184 என்ற மூன்று வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து சட்டென்று குறைந்தது. ஒப்பீட்டின் இந்தப் பக்கம் பி.டி.க்குச் சாதகம் என்பதை மறுக்க வழியில்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் மதிப்பீட்டு அறிக்கைகள் போதிய அளவு பேசுவதில்லை. 2012 வாக்கில் அனுமதி பெற்ற வீரிய ஒட்டு ரகங்கள் ஆயிரத்தைத் தாண்டின. அவற்றில் பல, தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் எளிதில் இரையாகுபவை. எனவே விதையே இமிடாகுளோபிரிட் பூசப்பட்டு நிறமேறிய கொட்டையாகப் பொட்டலத்தில் வந்தது. இது நியோநிகோட்டினாய்டு வகை, செடி முழுதும் ஊடுருவுவது, பூச்சியினங்களைப் பிரித்தறியாதது. பருத்தி இலையைத் திருப்பிப் பார்த்தால் நடுநரம்பில் ஒரு சிறு குழி தெரியும். அதில் தேன் சுரக்கும். பூ இல்லாத நாளிலும் எறும்பும் குளவியும் பொறிவண்டும் அங்கே வந்து வாய் வைக்கும். அந்தப் பூச்சிகளைப் பொறுத்தவரை, கிரை புரதம் இருக்கும் செடிக்கும் இல்லாத செடிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, பூசிய விதைக்கும் பூசாத விதைக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்கலாம். நம் விவசாயி வாங்கும் பொட்டலத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. மதிப்பீடு மட்டும் ஒன்றைத்தான் எடைபோடுகிறது.

நாகபுரி மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் கே.ஆர். கிராந்தியும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு சிக்கலைக் காட்டியது. கிரை 1ஏசியின் அளவு ரகத்துக்கு ரகம் மாறுகிறது; செடி முதிர முதிரக் குறைகிறது; இலையைவிடக் காய்த்தோலில் குறைவு. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை மடங்கு நஞ்சை ஊட்டிச் சோதித்தோம் என்று சொல்வது நம் வயல்களுக்கு முழுமையாகப் பொருந்தாது. குறைந்த அளவு நஞ்சில் காய்ப்புழு பிழைத்து எதிர்ப்புத்திறன் வளர்க்க வழியும் அதுவே.

2005ஐ ஒட்டிப் பருத்தியில் மாவுப்பூச்சி பெருகியது. மருந்தடித்தும் அடங்காததை ஏனாசியஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி தானாகப் பரவி அடக்கியது. அந்தக் குளவியைப் புதிய இனமாகக் கருதி 2009இல் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அப்போது பெரும்பாலான வயல்கள் பி.டி. வயல்கள். பி.டி. வயலில் ஒட்டுண்ணிக் குளவிகள் வாழவே முடியாது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மறுபுறம் 2015இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியை அழித்தபோது தெளிப்பு கட்டுமீறிப் போனது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை 1ஏசியை எதிர்த்து நிற்பது 2010இல் குஜராத்தில் உறுதியானது. சில ஆண்டுகளில் இரண்டு கிரை புரதங்கள் கொண்ட போல்கார்டு 2 பருத்தியும் தோற்றது. வயலோரம் புகலிடப் பயிராக விதைக்கச் சொல்லி 450 கிராம் பி.டி. விதையோடு கொடுத்த 120 கிராம் சாதா விதையைப் பலர் விதைக்கவேயில்லை. விவசாயியைக் குறை சொல்வது எளிது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர் புழுவுக்கென்று பயிர் வைப்பாரா? கிராந்தியும் கிளென் ஸ்டோனும் 2020இல் எழுதிய நீண்டகால மதிப்பீட்டின்படி, பருத்தி விவசாயிகள் பூச்சிமருந்துக்கு அப்போது செலவிட்டது பி.டி. வருவதற்கு முன்பு செலவிட்டதைவிட அதிகம்.

நன்மை செய்யும் பூச்சிக்குப் பி.டி. தந்த பலன் நேரடியானதல்ல. தெளிப்பு குறைந்த வழியாக வந்தது. தெளிப்பு திரும்பினால் பலனும் போகும். ஆகவே இரண்டு மூன்று பருவச் சோதனையின் முடிவை நிரந்தரத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது, எந்தத் தரப்பு செய்தாலும், பிழை.

கத்தரியும் பட்டுப்புழுவும்

பி.டி. கத்தரியை மகிகோ நிறுவனம் உருவாக்கியது. தார்வாடு வேளாண் பல்கலைக்கழகமும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தங்கள் ரகங்களில் அதைச் சேர்த்தன. குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவே இலக்கு. வங்கதேசம் 2013 அக்டோபரில் அனுமதித்து அடுத்த ஆண்டு 20 விவசாயிகளிடம் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் கள ஆய்வு, இலக்கல்லாத பூச்சிகளில் குறிப்பிடத்தக்க கேடு காணவில்லை.

மகரந்தச் சேர்க்கையாளர் விஷயத்தில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. ஆய்வகங்களில் வழக்கமான மாதிரி உயிரி மேற்கத்தியத் தேனீ. கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித்துளை வழியே மட்டும் மகரந்தம் உதிர்க்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைக்கும் தேனீக்களுக்குத்தான் அது நன்றாக உதிரும். நீலப்பட்டைத் தேனீக்களும் கருநிறத் தச்சுத் தேனீக்களும் அதைச் செய்யும். பெட்டித் தேனீக்களுக்கு அந்த வித்தை கிடையாது. அதிர வைக்கும் அந்தத் தேனீக்கள் தனித்து வாழ்பவை. மண்ணிலும் மரத்திலும் கூடு கட்டிக் குஞ்சுக்கு மகரந்த உருண்டை வைத்துச் செல்பவை. அவற்றுக்கும் கிரை புரதம் கேடு செய்யாது என்றே குடலின் உயிரியலை வைத்து எதிர்பார்க்கலாம். ஆனால் எதிர்பார்ப்பு வேறு, சோதனை வேறு.

பட்டுப்புழுவில் நிலைமை தலைகீழ். நஞ்சு தாக்கும் இனத்திலேயே அது சேரும். தன்மையளவில் ஆபத்து உண்டு. காப்பது போய்ச் சேரும் அளவு மட்டுமே. பருத்தி மகரந்தமும் கத்தரி மகரந்தமும் காற்றில் தொலைவு போகாதவை. மக்காச்சோளம் அப்படியல்ல. ராமநகரத்திலோ சிட்லகட்டாவிலோ மல்பெரித் தோட்டத்துக்கு அடுத்த வயலில் நாளை பி.டி. மக்காச்சோளம் வந்தால், அமெரிக்காவில் மொனார்க்குக்குச் செய்த மகரந்தக் கணக்கை இங்கே மல்பெரி இலையில் செய்தாக வேண்டும். இந்த மண்ணுக்குரிய கேள்வி அது. வேறு நாட்டு அறிக்கையிலிருந்து அதற்குப் பதில் எடுக்க முடியாது.

இன்னொரு குறை ஒப்பீட்டிலேயே உள்ளது. பி.டி. கத்தரியைச் சும்மா விட்ட வயலோடும், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தெளிக்கும் வயலோடும் ஒப்பிடுகிறார்கள். வாடிய குருத்தைக் கிள்ளி அழித்து, இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, ஒட்டுண்ணி அட்டை கட்டும் வயல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. ஹெப்பாளத்து நிறுவனம் பல்லாண்டுகளாகப் பரிந்துரைத்து வருவது இவ்வகை முறைகளையே. நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றிய கேள்வியில் இந்த மூன்றாம் வயலை விட்டுவிட்டால், குறைந்த கேடு எது என்பது தெரியும். கூடுதல் நன்மை எது என்பது தெரியாது.

டி.எம்.ஹெச். 11 என்ற மரபணு மாற்றக் கடுகு பூச்சி எதிர்ப்புப் பயிரல்ல. ஆனால் மதிப்பீட்டின் வரிசை எப்படி இருக்கிறது என்பதற்கு அது சான்று. 2022 அக்டோபரில் அதைச் சுற்றுச்சூழலில் வெளியிட அனுமதித்தபோது, தேனீக்கள் மீதும் பிற மகரந்தச் சேர்க்கையாளர்கள் மீதும் விளையும் தாக்கத்தை வெளியீட்டுக்குப் பின் ஆராய வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அந்த அனுமதி பற்றி மாறுபட்ட தீர்ப்புகள் தந்தனர்; மரபணு மாற்றப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.